ஊரார் சட்டையில் ஒரு மைனர்

என் மச்சான் போரில் செத்துப்போனான். அவன் செத்து ஒன்பது நாள்வரை எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அது எப்படி என்று சொல்வதற்கு முன்னால் அவன் யார் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்களைப் பைத்தியக்காரக் குடும்பம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அது ஓரளவு உண்மைதான் என்றாலும் அதற்குக் காரணம் வேறு.

ஊரில் அவனை மைனர் என்பார்கள். சொத்துபத்து இருந்து வந்த பெயர் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு லாண்டரிக் கடை. முன்னால் நீள மேஜை, பின்னால் இரண்டு தொட்டி, மாடியில் கொடிகள், கொடிகளுக்கு நடுவே நாங்கள் குடியிருந்த இரண்டு அறை. நாங்கள் என்றால் என் மாமியார், அதாவது அத்தை. அவருடைய மகள், அதாவது என் மனைவி. அவளுக்கு ஏழு வயது இளைய தம்பியான மைனர். அப்புறம் வீட்டோடு மாப்பிள்ளையாகிய நான். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வந்த மூன்றாம் நாள் அவருடைய இஸ்திரிப் பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். இன்றுவரை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

துவைத்துப் பெட்டி போட்டு அடுக்கிய துணி, அதன் சொந்தக்காரர் வந்து கேட்கும் வரை நம்முடையதுதான் என்பது மைனரின் கொள்கை. சட்டை சனிக்கிழமை வேண்டும் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டுப் போனால், வெள்ளிக்கிழமை அது மைனரின் முதுகில் ஊர்வலம் போகும். அப்படிப் போட்டிருக்கும்போது அவனைப் பார்க்க வேண்டும்! சுவரில் சாய மாட்டான். டீக்கடை பெஞ்சில் கைக்குட்டை விரிக்காமல் உட்கார மாட்டான். வெயிலில் வேகமாக நடக்க மாட்டான், வியர்த்துவிடுமாம். சாயங்காலம் வந்து கழற்றி, நீர் தெளித்து, மறுபடி பெட்டி போட்டு, மடிப்பு மாறாமல் அடுக்கில் செருகிவிடுவான். அவனுடைய சொந்தச் சட்டையை அவன் இப்படி மதித்து நான் பார்த்ததில்லை. அது பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில் பந்தாகக் கிடக்கும்.

"ஊரான் சட்டையப் போடாதேடா, மானம் போயிடும்" என்று அத்தை கத்துவார்.

"துணிக்கும் நாலு இடம் பாக்கணும்னு ஆசை இருக்காதாம்மா? பீரோவுலேயே கிடந்தா அதுக்கு மூச்சு முட்டாதா?" என்பான்.

என்னத்தைச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன். வாய் மட்டும் வக்கீலுக்கு இருக்க வேண்டியது.

ஒரு கல்யாணத்துக்கு வங்கி மேனேஜருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். கூட்டத்தோடு கூட்டமாக நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டான். அதே கல்யாணத்துக்கு மேனேஜரும் வந்திருந்தார், வெறும் சட்டையோடு. கோட்டு லாண்டரியில் இருக்கிறதே, எப்படிப் போடுவார் பாவம்? இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். "எங்க தச்சது தம்பி?" என்று அவர் கேட்டதற்கு, "பரம்பரை கோட்டு சார்" என்று இவன் சொன்னானாம்.

அப்புறம் டைப்பிஸ்ட் பெண். அவளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அவன் உண்மையாகவே மயங்கிக் கிடந்தது அவளிடம் மட்டும்தான். ஆறு மாதம் தினமும் பூங்காவில் சந்திப்பு. தினமும் வேறு சட்டை. ஏதோ மில் முதலாளியின் பிள்ளை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், இவன் மறுக்கவும் இல்லை. ஏழாவது மாதம் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையில் போனான். அது அவளுடைய அண்ணன் சட்டை. மூன்றாவது பட்டனை வேறு நிற நூலில் தைத்தவளே அவள்தான். அந்தப் பெண் கத்தவில்லை, கூப்பாடு போடவில்லை. "கழட்டுங்க" என்று மட்டும் சொல்லி, சட்டையை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மைனர் பட்டப்பகலில் பனியனோடு கடைத்தெரு வழியாக வீடு வந்தான். நான் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அவன் அந்த ஒரு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை என் மனைவி சொல்லித்தான் கவனித்தேன்.

அதோடு திருந்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்த மாதம் போலீஸ் இன்ஸ்பெக்டரின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்சந்தியில் போய் நின்றான். ஒரு லாரியும் இரண்டு பஸ்ஸும் முட்டிக்கொண்டு நின்றிருந்தன. இவன் கையை நீட்டி, விசிலடித்து, அரை மணி நேரத்தில் தெருவையே காலி செய்துவிட்டான். அவ்வளவு ஒழுங்காக அந்தச் சந்தியில் வண்டிகள் போனதை ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கடைசியாக வந்து நின்ற ஜீப்பில் இன்ஸ்பெக்டர் இருந்தார்.

ஸ்டேஷனில் அத்தை காலில் விழாத குறை. இன்ஸ்பெக்டர் இரண்டு அறை கொடுத்துவிட்டு, மூன்றாவதுக்குக் கை ஓங்கியவர் சிரித்துவிட்டார்.

"யூனிஃபார்ம் போடணும்னு அவ்வளவு ஆசைன்னா உனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கடா. பட்டாளத்துல ஆள் எடுக்கறான். பேர் கொடுக்கறியா, இல்ல கேஸ் போடவா?"

அப்படித்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை தாய்நாட்டுக்குத் தன்னை அர்ப்பணித்தான். பின்னால் மேடை போட்டுப் பேசியவர்கள் யாரும் இந்த இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொல்லவில்லை.

அப்போது போர் எதுவும் இல்லை. பட்டாளத்தில் அவனுடைய கை வேலையைப் பார்த்துவிட்டு நேராகத் துணி வெளுக்கும் பிரிவில் போட்டுவிட்டார்கள். முதல் கடிதத்தில் எழுதியிருந்தான்: "மாமா, இங்கே நாளுக்குத் தொண்ணூறு பேண்ட் பெட்டி போடுகிறேன். துப்பாக்கியை வாரத்துக்கு ஒரு நாள் கையில் கொடுத்துத் துடைக்கச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் மாமா, சட்டையில் என் பெயர் தைத்திருக்கிறது. பாக்கெட்டுக்கு மேலே." அந்தக் கடைசி வரியை அத்தை என்னை நாலு தடவை படிக்கச் சொன்னார். வாடிக்கையாளர்களிடம் மட்டும் பிள்ளை எல்லையில் நிற்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் பார்த்த எதிரியெல்லாம் அழுக்குக் காலர்தான் என்று சொன்னால் கடைக்கு என்ன மரியாதை?

பிறகு போர் வந்தது. யார் ஆரம்பித்தார்கள், எதற்கு என்பதெல்லாம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததாகச் சொன்னவர்களுக்கும் புரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. மூன்றாவது வாரம் கடைக்கு ஃபோன் வந்தது. குண்டு விழுந்து வண்டி கவிழ்ந்ததில் உங்கள் பையனுக்குப் பலத்த காயம், ஆனால் பிழைத்துவிட்டான், ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறான், ஒரு வாரத்துக்குப் பிறகுதான் பார்க்க அனுமதி என்றார்கள். அத்தை ஃபோனை வைத்துவிட்டு மேஜை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டி போட்ட துணி மேல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "உயிரோட இருக்கான் மாப்பிள்ளை, உயிரோட இருக்கான்" என்று என் கையைப் பிடித்து ஆட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

வார்டு உறுப்பினருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மறுநாளே தெருமுனையில் பேனர்: "போர்க்களம் கண்ட வீரனே, வருக!" கையில் வேறு படம் கிடைக்காததால் அந்தக் கல்யாணப் போட்டோவைப் போட்டிருந்தார்கள். போர்க்களம் கண்ட வீரன் வங்கி மேனேஜரின் கோட்டில் பத்தடி உயரத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். மேனேஜர் அதன் முன்னால் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார்.

"என்கிட்டயும் இதே மாதிரி ஒரு கோட்டு இருக்கு" என்றார்.

"ஒரே டெய்லரா இருக்கும் சார்" என்றேன்.

அவர் பேனரை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். "அவனுக்குத்தான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

ஒன்பதாம் நாள் அத்தையும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீளமான வார்டு. நர்ஸ் ஒரு கட்டிலைக் காட்டினாள். கட்டிலில் இருந்தவனுக்கு முகம் முழுக்கக் கட்டு, தாடை கம்பி போட்டு இறுக்கியிருந்தது, வலது கை மாவுக்கட்டில். தலைமாட்டு அட்டையில் மைனரின் பெயர். அத்தை முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கால்மாட்டுக்குப் போனார். கட்டிலைத் தாண்டி இரண்டு பெரிய பாதங்கள் அரையடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இது என் புள்ள இல்ல."

"மயக்கத்துல ஒண்ணும் புரியாது அத்தை, ஆஸ்பத்திரியில படுத்தா எல்லாரும் கொஞ்சம் நீளமாத்தான் தெரிவாங்க" என்று உளறினேன்.

கட்டுக்குள் இருந்த கண்கள் அத்தையைப் பார்த்தன. தலை இப்படியும் அப்படியும் வேகமாக ஆடியது. "நினைவு வந்ததுலேருந்து இப்படித்தான் தலையை ஆட்டறார், அதான் தூங்க ஊசி போடறோம்" என்றாள் நர்ஸ். பேச வாயில்லை, எழுதக் கையில்லை. பாவி, நாலு நாளாக நான் அவனில்லை, நான் அவனில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். இவர்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தை என் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அவனுடைய இடது கையில் வைத்து, அட்டையைப் பிடித்துக்கொண்டார். கோணல்மாணலாக எழுதினான். "என் சட்டை. அவன் போட்டிருந்தான்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி எழுதிச் சொன்னது இதுதான். அவனைப் படையில் நெட்டை என்பார்கள். லாரி டிரைவர். சோப்பு வாங்கப் பக்கத்து ஊருக்கு இருவரும் கிளம்பியிருக்கிறார்கள். அந்த ஊர் ஃபோன் கடையில் ஒரு பெண் இருந்தாளாம். மைனரின் சட்டை ஈரமாகக் கொடியில். நெட்டையின் புதுச் சட்டை பெட்டி போட்டு மேஜையில். வெக்கைக்கு நெட்டை பனியனோடு வண்டி ஓட்ட, மைனர் அந்தப் புதுச் சட்டை கசங்காமல் கைகளைத் தூக்கி வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ராணுவத்தான் கழுத்தில் தொங்கும் பெயர்த் தகடு? மைனருடையது வெளுப்புக் கூடாரத்தில் ஆணியில் மாட்டியிருந்தது. குனிந்து பெட்டி போடும்போது அது சூடான இரும்பில் இடிக்கிறது என்று முதல் வாரமே கழற்றிவிட்டானாம். நெட்டையுடையது குண்டில் போய்விட்டது. ஆகப் பெயர் எழுதிய சட்டை ஒன்று, பெயரில்லாத பனியன் ஒன்று. சட்டைக்காரன் நெட்டை, பனியன்காரன் மைனர் என்று கணக்கை முடித்துவிட்டார்கள்.

அத்தை அழவில்லை, முதலில் திட்டினார். வார்டே திரும்பிப் பார்க்கும்படி, செத்துப்போன பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டினார். "சொன்னேனே! தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! பேரு தச்ச சட்டை உனக்குன்னு கொடுத்தும் அடுத்தவன் சட்டைதான் கேக்குதாடா உனக்கு, நாயே!" அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. நெட்டையின் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பையனும் அழுதான். கட்டுக்குள் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன்.

இளவயது அதிகாரி ஒருவன் காகிதங்களோடு ஓடி வந்தான். உங்கள் பையனை நெட்டையின் ஊருக்கு அனுப்பி, மரியாதையோடு புதைத்து நாலு நாள் ஆகிறது, தவறுக்கு வருந்துகிறோம், ஆவணங்களைத் திருத்த இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றான்.

"என் புள்ளைய நான் வீட்டுக்குக் கொண்டு போகணும்" என்றார் அத்தை. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் அவர் பதில் அதுதான்.

அந்தக் குடும்பம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் தோண்டி எடுக்க அனுமதி கிடைக்கலாம் என்று அதிகாரி சொன்னான். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குத் தனியாக அழைத்துப் போனான்.

"பெட்டியைத் திறக்க மட்டும் விடாதீங்க சார். சட்டையில பேர் இருந்த பக்கமும், கூடக் கொஞ்சமும்தான் எங்களுக்குக் கிடைச்சுது."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? பிள்ளையை முழுசாகக் கொண்டுபோகப் போகிறோம் என்று அந்தம்மா உள்ளே உட்கார்ந்திருக்கிறார். இதை நான் எந்த வாயால் சொல்வது? அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே வேலை: எப்படியாவது பேசி, மைனரை இருந்த இடத்திலேயே இருக்கவிட வேண்டும்.

"நெட்டை வீட்டுக்கு எப்ப சொல்வீங்க?" என்று அத்தை அதிகாரியைக் கேட்டார். விசாரணை முடிந்ததும் முறைப்படி தெரிவிப்போம் என்றான். "அதுவரைக்கும் அந்தப் பொம்பள உயிரோட இருக்கிற புள்ளைக்கு அழுதுக்கிட்டே கிடக்கணுமா? கிளம்புங்க மாப்பிள்ளை." நெட்டையிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை பஸ் ஏறினோம். பஸ்ஸில் நான் என் வேலையை ஆரம்பித்தேன். தோண்டுவது பெரிய விவகாரம், டாக்டர் வர வேண்டும், லாரி பிடிக்க வேண்டும், வழியில் நூறு இடத்தில் காகிதம் கேட்பார்கள் என்றேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெட்டையின் அப்பா சைக்கிள் கடைக்காரர், அவரும் நெட்டைதான். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனோம். சக்கரம் கழற்றிய சைக்கிள்கள் தலைகீழாக நின்றன. பின்னறையில் அவர் மனைவி தரையில் படுத்திருந்தார். அத்தை காகிதத்தை நீட்டினார். சைக்கிள் கடைக்காரர் படித்துவிட்டு, "இது என் பையன் எழுத்தே இல்ல. யாரு நீங்க? செத்த வீட்டுல வந்து விளையாடறீங்களா?" என்று காற்றடிக்கும் பம்பைக் கையில் எடுத்தார். இடது கை எழுத்து என்று நான் விளக்குவதற்குள் பம்பு என் தலைக்கு மேலே வந்துவிட்டது.

அத்தை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. தரையில் இருந்த பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தூங்கும்போது இடது கால் கட்டைவிரல மட்டும் ஆட்டிக்கிட்டே இருக்கான். வலது முழங்காலுக்குக் கீழ ஒரு தழும்பு, பல்லு பல்லா."

அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். "செயின் கிழிச்சது. ஆறு வயசுல."

அப்புறம் கேள்விகள். கண்ணு தெரியுதா? தெரியுது. சாப்பிடறானா? குழாய் வச்சுக் கஞ்சி குடிக்கிறான், நேத்து நானே கொடுத்தேன். கை? சேர்ந்துடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நடப்பானா? நடப்பான், அவ்வளவு நீளக் கால வச்சுக்கிட்டு நடக்காம என்ன. அத்தை ஒன்று விடாமல் பதில் சொன்னார். அந்தம்மா சிரித்தார், அழுதார், அத்தையின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார். சைக்கிள் கடைக்காரர் பம்பைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இத்தனை சந்தோஷத்தை ஒரு அறையில் பார்த்ததில்லை. அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தம்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது. கை அத்தையின் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"அப்ப நாங்க புதைச்சது..."

"என் புள்ளைய" என்றார் அத்தை. "வீட்டுக்குக் கொண்டு போகத்தான் வந்திருக்கேன்."

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. எங்க வேணாலும் கையெழுத்துப் போடறோம்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

எனக்குப் பதறிவிட்டது. "அவசரம் ஒண்ணும் இல்லையே. இங்கயே இருக்கட்டுமே அத்தை. நல்ல மனுஷங்க, நல்லா பாத்துப்பாங்க. நம்ம ஊருக்கு லாரி பிடிக்கணும்னா லேசா? தூக்க ஆள் வேணும், நாலு பேராவது..."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருஷம் ஒரே மேஜையில் வேலை செய்தவர். என் பொய் அவருக்குத் தெரியாதா?

"ஆஸ்பத்திரியிலேருந்து இதையேதான் சொல்லிக்கிட்டு வர்றீங்க" என்றார். பிறகு சைக்கிள் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கய்யா. பெட்டி எவ்வளவு பெரிசு இருந்துச்சு?"

அவர் பம்பைக் கீழே வைத்தார். அளவு காட்டுவதற்கு இரண்டு கைகளையும் தூக்கினார். ஒன்றுக்கொன்று மிகவும் கிட்டத்தில் இருந்த அந்தக் கைகளை அவரே பார்த்துவிட்டுக் கீழே போட்டுக்கொண்டார்.

"நான் ஒருத்தனே தூக்கினேம்மா" என்றார்.

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்து, கடை மூடியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தை தன் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன். மன்னிச்சுக்குங்க அத்தை என்றேன்.

"அப்ப லாரி எதுக்கு மாப்பிள்ளை?" என்றார். "நானே தூக்கிட்டு வந்துடுவேன்."

அனுமதி வர ஏழு வாரம் ஆயிற்று. ரயிலில் வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டேன். கொடுக்கவில்லை.